விளக்கின் முழங்கை

பழைய தொழிற்சாலை விளக்குகளுக்கு இப்போது யோகம் பிறந்திருக்கிறது. பட்டறையில் எண்ணெய்க் கறை படிந்து கிடந்தவையெல்லாம் சீமைக் கனவான்களின் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. பழையவை அகப்படாத இடத்தில், அதே மாதிரியில் புதிதாகவும் செய்து விற்கிறார்கள். செய்கிறவர்களில் ஒரு சாரார் விளக்கின் முகத்தைப் பார்த்துச் செய்கிறார்கள். மற்றொரு சாரார் அதன் மூட்டைப் பார்த்துச் செய்கிறார்கள். விலைச் சீட்டைக் கொண்டு இவர்களைப் பிரித்தறிய முடியாது. ஆகையால் மூட்டைப் பற்றியே சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

உத்தரத்தில் தொங்கும் விளக்கின் கீழே குனிந்து வேலை செய்கிறவனுக்கு அவனுடைய தலையின் நிழலே சத்துரு. விளக்கு அவன் கைக்கு அருகே வரவேண்டும். இழுத்து நிறுத்திய இடத்தில் நிற்கவும் வேண்டும். இதற்காக 1921-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து பெர்னார்-ஆல்பன் க்ரா என்பவர் ஒரு விளக்கை அமைத்தார். அதன் அடிப்படை அமைப்பில் திருகாணியும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே அதைத் தம் அலுவலகத்தில் வைத்துக்கொண்டார்.

இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜார்ஜ் கார்வர்டைன் செய்ததுதான் நம்மை அதிகமாக வியக்க வைக்கிறது. அவர் மோட்டார் வண்டிகளின் ஸ்பிரிங்குகளை ஆராய்ந்த எஞ்சினீயர். விளக்குத் தண்டு நிமிர்ந்து நிற்கும்போது அதன் பாரம் மூட்டை அதிகமாக வருத்துவதில்லை. சாயச் சாய வருத்தம் ஏறுகிறது. நேயர்கள் கையில் ஒரு புத்தகத்தை ஏந்தி, கையை மெல்ல நீட்டிப் பார்த்தால் தோள் இதைச் சொல்லிவிடும். பாரம் ஏறும் அளவுக்கு ஸ்பிரிங்கின் இழுப்பும் ஏறும்படி கார்வர்டைன் கணக்கிட்டு அமைத்தார். நமது கையில் எலும்பைத் தசை பிடித்து நிறுத்துவதும் ஏறக்குறைய இப்படித்தான். விரலால் தள்ளினால் விளக்கு நகரும். விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். 1932-ல் உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். ரெட்டிச் நகரில் ஸ்பிரிங் செய்துவந்த ஹெர்பர்ட் டெர்ரி கம்பெனியார் விளக்கை உற்பத்தி செய்தனர். முதலில் வந்த நான்கு ஸ்பிரிங் விளக்கு பட்டறைக்கு. 1935-ல் வந்த மூன்று ஸ்பிரிங் விளக்கு வீட்டுக்கு. அதன் இலக்கம் 1227. ஆங்கிள்பாய்ஸ் என்ற பெயரில் இன்றும் அது செய்யப்படுகிறது. 2009-ல் பிரிட்டிஷ் தபால் இலாகா அதற்குத் தபால் தலையே வெளியிட்டது.

லியோன் நகரத்து ழான்-லூயி டொமெக் வேறு தொல்லையைத் தீர்த்தார். மூட்டு மடங்கி மடங்கி உள்ளே ஓடும் மின்சாரக் கம்பி அறுந்து போகும் அல்லவா? 1950-ல் அவர் உருவாக்கிய விளக்கில் மூட்டின் வழியே கம்பியே ஓடுவதில்லை. உலோகத் தொடுப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மின்சாரத்தைக் கடத்துகின்றன. தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ழீல்டே என்று பெயரிட்டார். அதுவும் இன்றளவும் செய்யப்படுகிறது.

க்ரா விளக்கு வழக்கொழிந்து கிடந்தது. 2008-ல் பாரிஸில் டி.சி.டபிள்யூ. என்ற நிறுவனத்தார் அதை மீண்டும் செய்யத் தொடங்கினார்கள். இதையே புனருத்தாரணம் என்போம். புதுத் தகட்டில் கறுப்புச் சாயமும் பொய்த் துருவும் ஏற்றி, முறுக்காணியை இறுக்கினாலன்றி நிற்காத தண்டைக் கட்டி, 'பழைய பட்டறை விளக்கு' என்று விற்பது பொம்மை வியாபாரம். வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே தண்டை இழுத்து விட்டுப் பார்க்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

கூரை விளக்குகளின் கவிகையையும் தட்டிப் பார்க்க வேண்டும். பழைய கவிகைகள் எனாமல் பூசியவை. அதாவது, கண்ணாடித் தூளை எஃகின்மேல் ஏற்றிச் சுமார் 800 டிகிரி சூட்டில் உருக்கிப் படியச் செய்தவை. உட்புறத்து வெள்ளை ஒளியைக் கீழே திருப்பும். புகை படிந்தாலும் கழுவினால் போய்விடும். கீழே போட்டால் சில்லுப் பெயரும் என்பது உண்மைதான். சாதாரண வர்ணத்துக்கு இந்த ஆயுள் கிடையாது.

பல்பு விஷயத்தில் மட்டும் பழமையைப் பிடித்துக்கொண்டிருக்க நியாயமில்லை. இழை பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பெரும் பங்கை வெப்பமாகவே கொட்டிவிடும்; எல்.இ.டி. அப்படியல்ல. ஆனால் சில புது விளக்குகளில் எல்.இ.டி.யைக் கழற்ற முடியாதபடி உள்ளேயே பொருத்திவிடுகிறார்கள். அது அணைந்த நாளில், பழுதில்லாத மூட்டும் ஸ்பிரிங்கும் அதனோடு குப்பைக்குப் போகும். கழற்றி மாட்டும் பல்புக்கு இடம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குவதே உத்தமம்.