அடுத்து நான் திருப்பும் சீட்டு

ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் சீட்டுக்கட்டைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சீட்டு என்றாலே குடும்பம் உருப்படாது என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பேச்சு. என் மனைவியும் அந்தக் கட்சிதான். (ரம்மி சூதா, திறமையா என்று உச்ச நீதிமன்றம் வரை போன 1967ஆம் வருஷத்து வழக்கே நம் செகந்திராபாத் கிளப் ஒன்றைப் பற்றியதுதான். பெரும்பங்கு திறமை என்று தீர்ப்பானது. அதைச் சொல்லியும் வீட்டில் எடுபடவில்லை!)

நான் எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றி அல்ல, ஒரே ஒரு வித்தையைப் பற்றி. விருந்தாளிகள் வந்து, காபியும் ஆகி, இனி என்ன பேசுவது என்று எல்லோரும் மின்விசிறியைப் பார்க்கும் நேரத்தில் செய்து காட்டலாம். மேடை வேண்டாம், கறுப்புக் கோட்டு வேண்டாம், முயல் வேண்டாம். ஒரு கட்டு, ஒரு டீபாய், எதிரே ஓர் ஆள். கூடவே கொஞ்சம் அசடு வழியத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைக் கற்றது 1986இல், சார்மினார் எக்ஸ்பிரஸில். அப்போது நான் லாலாகூடா ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன். வாரங்கல் தாண்டியும் தூக்கம் வரவில்லை. எதிர் பர்த்துக்காரர் என்னிடம் இதைச் செய்து காட்டி, என்னை முட்டாளாக்கி, பிறகு மனமிரங்கிச் சொல்லியும் கொடுத்தார். இது பெரிய தொழில் ரகசியம் இல்லை. ஆங்கிலத்தில் 'சர்க்கஸ் சீட்டு வித்தை' என்ற பெயரில் ஆரம்பப் பாடப் புத்தகங்களில் இருப்பதுதான்.

கட்டை நன்றாகக் குலுக்குங்கள். கீழே வாங்கும்போது அடிச்சீட்டு என்ன என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாவர் ஏழு என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவரை ஒரு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டின் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். அவரையே கட்டை வெட்டி, கீழ்ப்பாதியைத் தூக்கி மேலே வைக்கச் சொல்லுங்கள். இப்போது கிளாவர் ஏழு அவருடைய சீட்டின் தலைமேல் போய் உட்கார்ந்துவிட்டது. இன்னும் இரண்டு மூன்று தடவை வெட்டினாலும் பாதகமில்லை. வெட்டுவதால் கட்டின் வரிசை குலைவதில்லை, சக்கரம் போலச் சுற்றத்தான் செய்கிறது. கப்ளிங் போட்ட இரண்டு பெட்டிகள் போல அந்த ஜோடி சேர்ந்தே வரும்.

இனி மேலிருந்து ஒவ்வொன்றாக முகம் தெரிய மேஜைமேல் பரப்புங்கள். கிளாவர் ஏழு வந்ததா? அடுத்தது அவருடையது. கண் இமைக்காமல் அதையும் போட்டுவிட்டு, மேலும் ஐந்தாறு சீட்டுகளைப் போடுங்கள். அவர் தன் சீட்டு தாண்டிப் போனதைப் பார்த்துவிட்டார். உதட்டோரம் சிரிப்பு வரும். அப்போது கட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்: "அடுத்து நான் திருப்பப் போகிற சீட்டு உங்களுடையது. பந்தயம்!"

அவர் தாராளமாக ஒப்புக்கொள்வார். உங்கள் கை கட்டை விட்டு மெல்ல நகர்ந்து, மேஜையில் கிடக்கும் அவருடைய சீட்டை எடுத்துக் குப்புறத் திருப்பும். அவ்வளவுதான்.

சொன்ன சொல்லில் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். 'இந்தச் சீட்டு' என்றோ 'மேலே இருக்கிற சீட்டு' என்றோ வாய் தவறினால் வித்தை காலி. தெலுங்கில் செய்தாலும் இந்தியில் செய்தாலும் திருப்புவது திருப்புவதுதான் என்பது இந்த ஊரில் எனக்குப் பெரிய சௌகரியம்.

யாராவது "இன்னொரு தடவை" என்று கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். எந்த வித்தையையும் மூன்று தடவை பார்த்தால் குட்டை உடைப்பேன் என்று சவால் விட்டவர் ஹூடினி. 1922இல் சிகாகோவில் டாய் வெர்னன் அவருடைய கையெழுத்திட்ட சீட்டை நடுவில் செருக, அது திரும்பத் திரும்ப மேலே வந்துகொண்டே இருந்தது. ஹூடினியால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. நாம் வெர்னன் இல்லை. ஒரு தடவையோடு நிறுத்துவதே மரியாதை.

கைவித்தை நமக்குப் புதிதும் அல்ல. செப்பு என்றால் சிமிழ். சிமிழுக்குள் பந்தை இட்டு மறைக்கும் செப்பிடு வித்தைதான் நம் வாயில் செப்படி வித்தை ஆயிற்று. கேரளத்தில் வாழக்குன்னம் நம்பூதிரி அதைச் செய்தே புகழ் பெற்றார். கண்கட்டு என்று நாம் சொல்வதைத் தெலுங்கர்கள் கனிகட்டு என்கிறார்கள். சீட்டுக்கும் இந்த மண்ணில் பழைய சரித்திரம் உண்டு. நிர்மல் ஓவியர்கள் வட்ட வட்டமாக கஞ்சிஃபா சீட்டுகள் வரைந்தார்கள். மொகலாயர் கட்டில் 96 சீட்டு, தசாவதாரக் கட்டில் 120. நம் ஊர் பட்டாபிராமை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேஜிக், ஹிப்னாடிசம் என்று ஆரம்பித்து, பிறகு மனோதத்துவ ஆலோசகராகப் பெயர் வாங்கி, 2025இல் காலமானார். மேஜிக்கிலிருந்து மனோதத்துவத்துக்குத் தூரம் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம்.

இங்கேதான் என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் எனக்கு மூத்தவர் ஒருவர், பொன்மலைக்காரர். புதிதாக ஹைதராபாத் வந்த எனக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்து, முதல் மாதம் தன் வீட்டிலேயே சாப்பாடும் போட்டவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். 1987இல் அவர் மகளை நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தட்டு மாற்றியாயிற்று. "தம்பி, உன் வித்தையைக் காட்டேன்" என்று அண்ணனே ஆசையாகக் கேட்டார். நான் பத்து ரூபாய் பந்தயம் கட்டினேன். ஜெயித்தேன். அதோடு விட்டேனா? ரூபாயை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "பொன்மலைக்காரரை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா!" என்றேன். கூடம் சிரித்தது. "நமக்கு வாய்த்த சம்பந்தி இப்படியா" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா சொன்னதும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. ஷாப்பில் கேட்டதற்குப் பதில் உண்டு, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கப் போனால், "அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி" என்று பேச்சை முடித்துவிடுவார். ரிடையர் ஆகித் திருச்சிக்கே போய்விட்டார்.

பத்து வருஷம் நான் சீட்டைத் தொடவில்லை. மறுபடி எடுத்தபோது பந்தயத்தை மாற்றினேன். எதிராளி எதையும் கட்ட வேண்டாம். "தோற்றால் இன்று ராத்திரி பாத்திரமெல்லாம் நான் தேய்க்கிறேன். ஜெயித்தால் எனக்கு இன்னொரு காபி." சிரிப்பு முழுக்க என் பக்கம் வந்துவிட்டது. தப்புத் தப்பாகச் செய்வதையே தொழிலாக வைத்திருந்தவர் இங்கிலாந்தின் டாமி கூப்பர். சிவப்புக் குல்லாய் மனிதர், நிஜத்தில் தேர்ந்த வித்தைக்காரர். 1984இல் தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்பில், மேடையிலேயே மாரடைப்பில் சரிந்தார். அதுவும் வேடிக்கை என்று நினைத்து ஜனங்கள் சிரித்தார்களாம்.

பந்தயத்தை மாற்றிய பிறகு ஒன்று கவனித்தேன். தன் சீட்டு தாண்டிப் போனதைப் பார்த்ததும் சிலர், 'கிழவன் மாட்டினான்' என்று குஷியாகிறார்கள். சிலருக்கு மனசு கேட்பதில்லை. என் பேரன் இங்கேயே பிறந்தவன். பள்ளியில் தெலுங்கு, நண்பர்களோடு இந்தி, எங்களோடு பெரும்பாலும் இங்கிலீஷ். அவனிடம் முதல் தடவை செய்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான். "தாத்தா, வேணாம் தாத்தா. தோத்துடுவே" என்றான், சுத்தத் தமிழில்! அன்று ஜெயித்த காபி தனி ருசி.

2004இல் திருச்சியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறோம், பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏம்பா, சீட்டு வச்சிருக்கியா?" திரும்பினால் அண்ணன். தலை முழுக்க நரைத்து, கையில் கைத்தடி. பக்கத்தில் அண்ணி. பையில் கட்டு இருந்தது.

அவரே வெட்டினார். வரிசையாகப் போட்டேன். கிளாவர் மூன்று, அடுத்து அவருடைய ஆட்டின் ராஜா. அதற்கும் மேல் ஐந்து சீட்டு. கட்டின் மேல் விரலை வைத்தேன். "அடுத்து நான் திருப்பப் போகிறது உங்கள் சீட்டு, அண்ணே."

"பத்து ரூபாய்" என்றார் அவர், என் கண்ணையே பார்த்து.

கட்டிலிருந்தே எடுத்துத் திருப்பினேன். டைமன் நாலு.

அண்ணன் வாய் விட்டுச் சிரித்தார். நான் கொடுத்த பத்து ரூபாயை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பாத்தியா, வயசானதும் இவனுக்கு வித்தை மறந்துபோச்சு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, "காலையில் வீட்டுக்கு வந்துட்டுப் போ. அவளையும் கூட்டிட்டு வா" என்றார்.

என் மனைவி ஒன்றும் சொல்லாமல் மேஜையில் பரப்பிய சீட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள்.