ரயிலடியில் தானியம், சிற்றூரில் பட்டினி

மழை பொய்த்தால் பஞ்சம் தோன்றும் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால், வெளியிலிருந்து தானியம் வந்து சேர்ந்த பின்னரும் மக்கள் பட்டினியால் மடிவது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, தாது வருஷப் பஞ்சம் எனத் தமிழ் மக்கள் வழங்கும் 1876-78-ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தை ஆராய்தல் தகும்.

அக்காலத்தில் சித்தூரும் திருப்பதியும் சென்னை ராஜதானியைச் சேர்ந்த வட ஆர்க்காடு ஜில்லாவில் அடங்கியிருந்தன. 1876-இல் பருவ மழைகள் இரண்டும் தவறின, ஏரிகள் வறண்டன. கடல் வழியாகச் சென்னையில் வந்திறங்கிய தானியத்தை ரயில்கள் உள்நாட்டுக்குக் கொண்டு சென்றன. எனினும், இருப்புப்பாதைகள் ரேணிகுண்டா வழியாகவும் காட்பாடி வழியாகவும் சென்றனவேயன்றிச் சித்தூரைத் தொடவில்லை. பஞ்சம் நீங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே அந்நகருக்கு ரயில் வந்தது.

ரயிலடிக்கும் சிற்றூருக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடக்க மாட்டு வண்டியே துணை. மனிதனுக்குரிய தானியத்தைக் கப்பலில் தருவிக்கலாம். வைக்கோலோ இடத்தை மிகுதியாக அடைப்பது; அதனைத் தொலைவிலிருந்து கொணர்தல் அரிது. தீனியும் நீருமின்றிக் கால்நடைகள் பெருந்தொகையாக மாண்டன. இவ்வாறு வறட்சியானது விளைச்சலை மட்டுமன்றி, உதவியைச் சுமந்து செல்லும் சாதனத்தையும் உடன் அழித்தது.

இரண்டாவது இடர் மனித உடலைப் பற்றியது. நிவாரண வேலை செய்தோருக்கு அரசாங்கம் கூலி அளித்தது. 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள், ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதுமென வகுத்தார். மண் வெட்டிச் சுமப்போருக்கு இது போதாதென்று ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். இன்றைய உணவியல் அறிவும் அவர் பக்கமே நிற்கிறது. 1 பவுண்டு அரிசி ஏறத்தாழ 1,550 கலோரி வெப்பமே தரும். கடின உழைப்பாளிக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. ஆயினும், அதற்குள் வலிமை இழந்தோர் பலர்.

1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனின் அறிக்கையைத் தொடர்ந்து நிவாரண விதிகள் தொகுக்கப்பட்டன. மக்கள் உடல் நலியுமுன் உதவி தொடங்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். சித்தூரையும் உள்ளடக்கிய ராயலசீமையில் 1952-இல் வறட்சி நேர்ந்தபோது, ராணுவத்தினர் கிணறுகளை ஆழப்படுத்தி நீருக்கு வழி செய்தனர்.

தானியத்தைச் சேமித்து வைத்தல் பாதிப் பணியே. அதனைச் சுமக்கும் மாடும், அதனைப் பெற நடந்து வரும் மனிதனும் வலிமையோடிருக்கும்போதே நீரும் தீவனமும் உணவும் ஊர் எல்லையை அடைதல் வேண்டும். காலம் தாழ்த்திய உதவி, ரயிலடியில் குவிந்த மூட்டையாகவே நின்றுவிடும்.