ஒரு வயர், வீடு முழுக்க நெட்

மதுரை மாசி வீதிகளுக்குப் பின்னால் இருக்கும் பழைய வீடுகளில் மொட்டை மாடியில் நன்றாகக் கிடைக்கும் டவர், உள்கட்டுக்கு வந்ததும் காணாமல் போய்விடும். சுவர்கள் அத்தனை கனம். அதே அறையில் லேப்டாப் மட்டும் பிராட்பேண்ட் வயரின் தயவில் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நெட்டை வயரில்லாமல் போனுக்கும் கொடுக்கலாம். தனியாக ரவுட்டர் வாங்க வேண்டியதில்லை.

2016-இல் வந்த அப்டேட் முதல் விண்டோஸ் 10-இலேயே இந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', அதற்குள் 'மொபைல் ஹாட்ஸ்பாட்'. ஒரு பெயரும் எட்டு எழுத்துக்குக் குறையாத பாஸ்வேர்டும் கொடுத்து ஆன் செய்தால், போனின் வைஃபை பட்டியலில் அந்தப் பெயர் வந்துவிடும். எட்டுக் கருவிகள் வரை சேரலாம். வைஃபை இல்லாத டெஸ்க்டாப் என்றால், யுஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபை அடாப்டர் ஒன்று வேண்டும்.

உள்ளே நடப்பது மதுரைக்காரர்களுக்குப் பழகிய வளவு வீட்டுக் கணக்குதான். வாசலில் ஒரே கதவிலக்கம், உள்ளே ஆறேழு குடித்தனம். தபால் அந்த ஒரு இலக்கத்துக்கு வரும். யாருக்கு என்று பார்த்து உள்ளே சேர்ப்பிப்பார்கள். லேப்டாப்பும் அப்படித்தான். சேர்ந்த போனில் வைஃபை விவரத்தைத் திறந்தால், 'கேட்வே' என்ற இடத்தில் பெரும்பாலும் 192.168.137.1 என்றிருக்கும். அதுதான் லேப்டாப்பின் உள்முகவரி.

ஒரு இணைப்பைக் காற்று வழியே பலருக்குப் பிரித்துத் தருவதை மதுரை வட்டாரம் 2001-லேயே பார்த்துவிட்டது. மேலூர் வட்டாரக் கிராமங்களில் 'சாரி' திட்டம் இணைய மையங்களைத் திறந்த காலம் அது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' தொழில்நுட்பம் மேலூரிலிருந்து ஊர்களுக்கு ரேடியோ அலையில் இணையத்தை அனுப்பியது. ஊர் மையத்துக் கூரை ஆன்டெனாவுக்கும் மேலூர் கோபுரத்துக்கும் நடுவில் மரமோ குன்றோ மறைக்கக் கூடாது. வேகம் நொடிக்கு 70 கிலோபிட். அதே இணைப்பில் யாராவது போன் பேசினால் பாதியாகிவிடும். இன்றைய 3 எம்பி போட்டோ ஒன்றை அனுப்ப ஆறு நிமிடம் ஆகியிருக்கும். ஆனாலும் அந்த வேகத்தை வைத்துக்கொண்டே சான்றிதழ் விண்ணப்பங்கள் தாலுகா அலுவலகம் போயின. வெப்கேமில் எடுத்த கண்ணின் படம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போனது. பஸ் ஏறாமல் ஒரு பாட்டிக்குக் கண் டாக்டரின் யோசனை கிடைத்தது பெரிய காரியம்.

வருமானமும் பராமரிப்பும் போதாமல் பல மையங்கள் சில ஆண்டுகளில் மூடப்பட்டன. ஆனால் அரவிந்த் விடவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனி மருத்துவமனையைச் சுற்றியிருந்த கண் பரிசோதனை மையங்களை இணைத்தது. இந்த முறை கைகொடுத்தது லேப்டாப்பில் இருக்கும் அதே வைஃபைதான். திசை பார்த்துப் பொருத்திய ஆன்டெனாக்களாலும் மாற்றி எழுதிய மென்பொருளாலும் அது பல கிலோமீட்டர் போனது.

வீட்டு லேப்டாப்புக்கு அந்த எட்டம் கிடையாது. இரண்டு சுவர் தாண்டினாலே தளரும். பழைய போனில் பெயரே தெரியவில்லை என்றால், ஹாட்ஸ்பாட் 'பேண்ட்' 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கக்கூடும், 2.4-க்கு மாற்றினால் தெரியும். கொஞ்ச நேரம் எந்தப் போனும் சேராவிட்டால் ஹாட்ஸ்பாட் தானே அணைந்துவிடும். அதைத் தடுக்க 'பவர் சேவிங்' பொத்தானை ஆஃப் செய்ய வேண்டும். லேப்டாப் மூடியைச் சாத்தினாலும் பெரும்பாலும் எல்லாப் போனிலும் நெட் நின்றுவிடும். பக்கத்து அறையில் பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூடலாம்.