உள்ளங்கை வியர்வையும் பூச்சு மருந்தும்

மாணவர்களே! பரீட்சை மண்டபத்தில் விடைத்தாள் நனையுமளவுக்கு உங்கள் கை வியர்க்கின்றதா? அது கோழைத்தனமன்று, அழுக்கின் விளைவுமன்று. மிகைவியர்வை எனப்படும் இந்நிலைக்கு மருந்து உண்டு.

காரணம்: உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ளன. பரிவு நரம்புகள் இவற்றை அளவுக்கு மிஞ்சித் தூண்டும்போது, வெப்பமில்லாத வேளையிலும் வியர்வை பெருகும். மனப்பதற்றம் அதனை மேலும் கூட்டும்.

மருந்து: பெரும்பாலும் முதலில் தரப்படுவது அலுமினியம் குளோரைட்டுக் கரைசலாகும் (பொதுவாக 20%). இது வியர்வைக் கான்களின் வாயிலில் படிந்து அவற்றைத் தற்காலிகமாக அடைக்கின்றது.

பூசும் முறை:
1. படுக்கைக்குச் செல்லுமுன் பூசுங்கள். நித்திரையில் வியர்வை குறைவு.
2. தோலை நன்கு உலர்த்திய பின்னரே பூசுங்கள். ஈரத்தில் பூசினால் ஐதரோகுளோரிக்கமிலம் உண்டாகித் தோல் எரியும்.
3. காலையில் கழுவிவிடுங்கள்.
4. வியர்வை குறைந்ததும் வாரத்துக்கு ஓரிரு தடவை போதுமானது.

கவனிக்க: காயத்தின் மீது பூசலாகாது. உள்ளங்கைத் தோல் தடிப்பானது. எனவே பலன் மெதுவாகவே தெரியும். பரீட்சைக்கு முதல்நாள் தொடங்கிப் பயனில்லை. பல வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் காட்டுங்கள். இம்மருந்து சிலருக்குப் பலனளிக்காது. அவர்களுக்கு வேறு சிகிச்சைகள் உண்டு. நித்திரையில் உடுப்பு நனையுமளவு வியர்த்தாலோ, உடல் மெலிந்தாலோ அதனையும் வைத்தியரிடம் மறைக்காது கூறுங்கள்.

அதுவரை, கைக்குட்டையைக் கையின் கீழ் வைத்து எழுதிப் பழகுங்கள். தெரிந்த விடை ஈரத்தில் அழிந்துபோக விடாதீர்கள்.