நாள் கணக்கும் பவுண்டு கணக்கும்: ஸ்னாப்பர் மீன் தரும் வியாபாரப் பாடம்

வரத்து கூடினால் விலை இறங்கும், வரத்து நின்றால் விலை ஏறும் என்பது கடைப் பையனுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் வரத்துக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடு எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தும் வியாபாரி பிழைப்பதுண்டு, நொடிப்பதுண்டு. அமெரிக்காவின் தென்கரையில், மெக்சிகோ வளைகுடாவில் பிடிபடும் ரெட் ஸ்னாப்பர் என்ற மீனின் கதை இதை நன்றாக விளக்குகிறது.

நம் மார்க்கெட்டில் சங்கராவையும் சிலர் இந்தப் பெயரால் சொல்வதுண்டு. வளைகுடா மீன் வேறு இனம். உடல் சிவப்பு, கண்ணும் சிவப்பு. ஐம்பது வயதைத் தாண்டியும் வாழக்கூடியது. ஓட்டல்களில் இதற்கு நல்ல கிராக்கி.

சனி, ஞாயிறு படகுகள்

ஃப்ளோரிடாவின் டெஸ்டின், அலபாமாவின் ஆரஞ்ச் பீச், டெக்சாஸின் கால்வஸ்டன் போன்ற துறைகளிலிருந்து சனி, ஞாயிறுகளில் இந்த மீனைத் தேடிக் குடும்பம் குடும்பமாகக் கடலுக்குப் போகிறார்கள். சொந்தப் படகுள்ளவர்கள் அதில் போவார்கள். மற்றவர்கள் படகை வாடகைக்கு எடுப்பார்கள், அல்லது ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிப் பெரிய படகில் ஏறுவார்கள். எண்ணெய்க் கிணற்று மேடைகளைச் சுற்றியும், கடலடியில் போடப்பட்ட செயற்கைப் பாறைகளின் மேலும் படகை நிறுத்தி, கணவாய்த் துண்டோ மீன் துண்டோ கோத்துத் தூண்டிலை இறக்குவார்கள்.

மத்திய அரசின் கடற்பகுதியில், கட்டணப் படகில் போகிறவர் ஒரு நாளில் 2 மீன்தான் எடுக்கலாம். அதுவும் 16 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் கடலிலேயே விட வேண்டும். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் மீனுக்குள் காற்றுப்பை ஊதி, வயிறு வாய் வழியே பிதுங்கும். அப்படியே வீசினால் அது மிதந்து செத்துப் போகும். அதை மீண்டும் ஆழத்தில் இறக்கிவிடும் கருவியையோ, காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இப்படிப் பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டுக்குத்தான் எடுத்துப் போகலாம்.

விற்பனைக்குப் பிடிப்பவர்கள் தனி. வளைகுடாவில் ஆண்டுதோறும் பிடிக்கலாம் என்று நிர்ணயிக்கும் எடையில் 51 சதவீதம் தொழில் மீனவர்களுக்கு, 49 சதவீதம் பொழுதுபோக்காளர்களுக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள்.

நாள் கணக்கு செய்த நஷ்டம்

1990-ல் தொழில் மீனவர்களுக்கு முதன்முறையாக மொத்த அளவு விதித்தார்கள்: 31 லட்சம் பவுண்டு. அது தீர்ந்த அன்று கடலுக்குப் பூட்டு. யாருக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. எனவே அடுத்தவன் பிடிப்பதற்குள் நாம் பிடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஓடினார்கள். ஓட்டத்தை அடக்க, மாதத்தில் முதல் 15 நாள், பிறகு முதல் 10 நாள் மட்டும் என்றார்கள். பெரிய படகு ஒரு நடைக்கு 2,000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ, கொண்டு வரலாம் என்றும் வைத்தார்கள்.

விளைவை வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்து நாளில் துறை முழுவதும் ஒரே சரக்கு. ஐஸ் வைக்க இடமில்லாமல், வந்த விலைக்குத் தள்ளினார்கள். மீதி இருபது நாள் ஓட்டல்காரர் கேட்டாலும் புது மீன் கிடையாது. புயல் எச்சரிக்கை வந்தாலும், நாள் போய்விடுமே என்று படகை எடுத்தவர்கள் உண்டு.

பவுண்டு கணக்கு வந்தது

2007 ஜனவரி 1 முதல் முறை மாறியது. அவரவர் முன்பு பிடித்து வந்த அளவை வைத்து ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்குக்கு இந்த ஆண்டு இத்தனை பவுண்டு. அதை எந்த மாதத்திலும் பிடித்துக் கொள்ளலாம். கரைக்கு வருமுன் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கும் வியாபாரிக்கும் அனுமதி வேண்டும். ஒவ்வொரு எடையும் பதிவாகும். நிர்வாகச் செலவுக்கென 3 சதவீதம் வரை பிடித்துக் கட்டுவதும் வியாபாரியின் பொறுப்பு. தொழில் மீனவருக்கான குறைந்தபட்ச நீளத்தை 15-லிருந்து 13 அங்குலமாகக் குறைத்தார்கள். வீணாகக் கடலில் எறிவதைக் குறைக்கவே இது.

ஓட்டம் நின்றது. ஆண்டு முழுவதும் புது மீன் வந்தது. துறையில் மீனவருக்குக் கிடைத்த விலையும் உயர்ந்தது.

பொழுதுபோக்குப் படகுகளுக்கோ நாள் கணக்கே நீடித்தது. மீன் வளம் தேறி, ஒவ்வொரு மீனின் எடையும் கூடியபோது, குறைந்த நாளிலேயே அளவு தீர்ந்தது. அதனால் வளம் பெருகப் பெருக நாள் சுருங்கியது! 2017-ல் மத்திய கடற்பகுதியில் சொந்தப் படகுக்காரர்களுக்கு 3 நாள்தான் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பவே, வெள்ளி, சனி, ஞாயிறுகளைப் பார்த்து மேலும் 39 நாள் கொடுத்தார்கள். பிடிப்பு வரம்பு மீறும் என்று தெரிந்தே கொடுத்ததால் வழக்கும் வந்தது. 2018-ல் சோதனையாகவும், 2020 முதல் முறைப்படியும், ஒவ்வொரு கரையோர மாநிலத்துக்கும் இத்தனை பவுண்டு என்று ஒதுக்கி, நாளைத் தீர்மானிக்கும் பொறுப்பை மாநிலங்களிடமே விட்டார்கள்.

மறுபக்கமும் உண்டு

பங்கு முறையில் எல்லாம் நலம் என்று சொல்வதற்கில்லை. பங்கை விற்கலாம், அந்த ஆண்டின் பவுண்டுகளை வாடகைக்கும் விடலாம். எனவே தூண்டிலைத் தொடாமலே வாடகை வாங்குபவர்கள் தோன்றினார்கள். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞன், தான் விற்கும் விலையில் கணிசமான பகுதியை அவர்களுக்குக் கட்ட வேண்டியிருக்கிறது. முதல் நாள் பங்கு யாருக்கு என்று எழுதும்போது சிறியவர் அங்கே இல்லாவிட்டால், பிறகு நுழைவது கடினம்.

நமக்கு என்ன?

மாதக் கடைசியில் கம்பெனிக்காரர் ஸ்கீம் என்று வருகிறார். 30-ம் தேதிக்குள் இத்தனை பெட்டி எடுத்தால் தள்ளுபடி. தெருவில் எல்லாக் கடையும் ஒரே வாரத்தில் எடுத்து, அடுத்த வாரம் ஒருவருக்கொருவர் விலையை வெட்டி விற்கிறோம். கிடைத்த தள்ளுபடி அதிலேயே கரைகிறது. தேதி முடிந்த சரக்கு மிச்சம். வளைகுடாவின் பத்து நாள் ஓட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தள்ளுபடியைத் தேதியின் மேல் வைக்காமல், ஆண்டில் எடுக்கும் மொத்த அளவின் மேல் வைக்கும்படி சங்கங்கள் மூலம் கேட்கலாம். சரக்கை விற்பனைக்கேற்ப எடுக்க முடியும், பணமும் முடங்காது. ஆனால் அந்த அளவுகளை நிர்ணயிக்கும்போது பெரிய கடைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் வைத்துவிடாமல், சின்னக் கடைக்கும் ஒரு படி இருக்கும்படி பார்த்துக் கொள்வது நம் சங்கத்தாரின் கடமை.