ஜியோகேச்சிங்கில் இடவிளக்கப்பட மென்பொருட்கள்

ஜியோகேச்சிங் என்பது, ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை அதன் ஆள்கூறுகளின் துணையுடன் பிறர் தேடிக் கண்டுபிடிக்கும் திறந்தவெளிப் பொழுதுபோக்கு ஆகும். ஆள்கூறுகள் பெட்டி இருக்கும் புள்ளியை மட்டுமே காட்டுகின்றன. அங்கு செல்லும் வழியைக் காட்டுவதில்லை. இடையில் உள்ள மலைச்சரிவு, பள்ளத்தாக்கு, செங்குத்துப் பாறை, ஆறு ஆகியவற்றை முன்கூட்டியே அறிய இடவிளக்கப்படம் பயன்படுகின்றது. தலப்படம் என்றும் அழைக்கப்படும் இப்படங்களைக் கணினியிலோ கைபேசியிலோ காட்டி, அவற்றின்மீது வழிகளை வரையவும், தொலைவையும் ஏற்றத்தையும் கணக்கிடவும் உதவுபவை இடவிளக்கப்பட மென்பொருட்கள் ஆகும்.

வரலாறு

ஜி.பி.எஸ் செய்மதிகளின் பொதுப் பயன்பாட்டுக்கான சமிக்ஞையில் ஐக்கிய அமெரிக்கா வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்து வந்தது. இதனால் குடிமக்களின் கருவிகள் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பிழையான இடத்தைக் காட்டின. 2000 மே மாதத் தொடக்கத்தில் இப்பிழை நீக்கப்பட்டது. அதன் மறுநாளான மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் ஆள்கூறுகளை இணையத்தில் வெளியிட்டார். சில நாட்களிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஜியோகேச்சிங் என்ற பெயரும் அதே மாதத்தில் முன்மொழியப்பட்டது.

அமெரிக்க நிலவியல் அளவைத்துறை 1:24,000 அளவுத்திட்டத்தில் வரைந்த இடவிளக்கப்படங்கள் இதற்கு முன்பே எண்ணிமமாக்கப்பட்டிருந்தன. டெலோர்ம் நிறுவனத்தின் டோப்போ யூ.எஸ்.ஏ., நேஷனல் ஜியோகிராஃபிக்கின் டோப்போ! போன்ற மென்பொருட்கள் 2000களில் குறுந்தட்டுகளில் விற்பனையாயின. டெலோர்ம் நிறுவனத்தை கார்மின் நிறுவனம் 2016இல் வாங்கியது. இன்று கால்டோப்போ, கயா ஜி.பி.எஸ் போன்றவை உலாவியிலும் கைபேசியிலும் இப்பணியைச் செய்கின்றன.

சம உயரக்கோடுகள்

கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு சம உயரக்கோடு எனப்படும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு சம உயர இடைவெளி ஆகும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு மிகுதி, விலகியிருந்தால் குறைவு. உயரமான பக்கத்தை நோக்கி வளைந்து கூர்மையாகும் கோடுகள் பள்ளத்தாக்கையும், தாழ்வான பக்கத்தை நோக்கிக் கூர்மையாகும் கோடுகள் மலைமுகட்டையும் குறிக்கின்றன.

எடுத்துக்காட்டாக, 1:24,000 படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 24 மீட்டர் ஆகும். சம உயர இடைவெளி 40 அடி, அதாவது ஏறத்தாழ 12 மீட்டர் என்று கொள்வோம். இரண்டு கோடுகள் 1 மில்லிமீட்டர் தள்ளி அமைந்திருந்தால், 24 மீட்டர் கிடைத்தொலைவில் 12 மீட்டர் ஏறவேண்டும். இது ஏறத்தாழ 27 பாகைச் சரிவாகும். பாதையில்லாத காட்டில் இத்தகைய சரிவில் ஏறுவது கடினம்; ஈரமான நிலத்தில் இறங்குவது அதனினும் கடினம்.

ஆள்கூறுகளை உள்ளிடுதல்

ஜியோகேச்சிங்கில் ஆள்கூறுகள் பொதுவாகப் பாகையிலும், பதின்மப் புள்ளியுடன் கூடிய கலையிலும் (நிமிடத்திலும்) தரப்படுகின்றன. அகலாங்கில் ஒரு கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1.85 மீட்டர் ஆகும். மென்பொருளில் வேறு வடிவம் தெரிவு செய்யப்பட்டிருந்தால் பெரும்பிழை நேரும். 45° 17.460′ என்ற அகலாங்கை 45 பாகை, 17 கலை, 46.0 விகலை என்று உள்ளிட்டால், காட்டப்படும் இடம் ஏறத்தாழ 570 மீட்டர் வடக்கே விலகிவிடும். மலைப்பகுதியில் அது வேறொரு பள்ளத்தாக்காகவே இருக்கக்கூடும்.

டேட்டம் எனப்படும் ஆதாரத்தளமும் கவனிக்கத் தக்கது. ஜியோகேச்சிங் ஆள்கூறுகள் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் ஆதாரத்தளத்தைப் பின்பற்றுகின்றன. பழைய அமெரிக்க இடவிளக்கப்படங்கள் பல, 1927ஆம் ஆண்டின் வட அமெரிக்க ஆதாரத்தளத்தைப் பின்பற்றி வரையப்பட்டவை. இவ்விரண்டையும் மாற்றாமல் கலந்தால், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஏறத்தாழ 100 மீட்டர் வரை பிழை ஏற்படலாம்.

நேர்கோட்டுத் தொலைவும் நடைத்தொலைவும்

ஜி.பி.எஸ் கருவியின் அம்புக்குறி, இலக்குக்கான நேர்கோட்டுத் திசையையும் தொலைவையும் காட்டுகின்றது. அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு, இத்தொலைவு எவ்வளவு தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்பதற்குச் சிறந்த சான்றாகும். அதன் தெற்கு விளிம்பில் உள்ள பார்வையாளர் பகுதியிலிருந்து வடக்கு விளிம்பில் உள்ள பார்வையாளர் பகுதி நேர்கோட்டில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் மட்டுமே. கைபாப் தடங்கள் வழியே நடந்தால் இது ஏறத்தாழ 34 கிலோமீட்டர். சாலை வழியே ஏறத்தாழ 345 கிலோமீட்டர்.

அங்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்குச் செல்பவர் முதலில் இறங்குகின்றார். திரும்பும்போது, உடல் களைத்த நிலையில் ஏறுகின்றார். தெற்கு கைபாப் தடத்தில் இந்த ஏற்றம் ஏறத்தாழ 1,450 மீட்டர். ஒரே நாளில் ஆறு வரை சென்று திரும்ப முயலவேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கின்றது. மென்பொருள் வரையும் உயர வெட்டுமுகம் இவ்வாறான பயணத்தின் வடிவத்தை வீட்டிலிருந்தே காட்டிவிடும்.

நேரக் கணிப்பு

இசுக்கொட்லாந்து மலையேறியான வில்லியம் நைசுமித் 1892இல் தந்த விதி இன்றும் பயன்படுகின்றது. அதன்படி 5 கிலோமீட்டர் தொலைவுக்கு 1 மணிநேரமும், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் 1 மணிநேரமும் தேவை. மேற்கூறிய தடத்தில் ஆற்றிலிருந்து விளிம்புக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். தொலைவுக்கு 2 மணிநேரம், ஏற்றத்துக்கு ஏறத்தாழ 2 மணி 25 நிமிடம் என, மொத்தம் 4 மணி 25 நிமிடம் ஆகின்றது. ஓய்வு, வெயில், சுமை, தேடும் நேரம் ஆகியவை இதில் அடங்கா.

திட்டமிடும் முறை

1. தேடவேண்டிய பெட்டிகளின் வழிப்புள்ளிகளை ஜி.பி.எக்ஸ் கோப்பாக மென்பொருளில் ஏற்றுதல். கருவிகளுக்கும் மென்பொருட்களுக்கும் இடையே தரவைப் பரிமாற இக்கோப்பு வடிவம் 2002 முதல் பயன்படுகின்றது.
2. ஒவ்வொரு பெட்டியின் நிலக்கடினத் தரத்தைப் பார்த்தல். இது 1 முதல் 5 வரை அமையும். 5 எனில் படகு, ஏறுகயிறு போன்ற சிறப்புக் கருவிகள் தேவைப்படலாம்.
3. வாகனம் நிறுத்தும் இடத்தையும் நடைபாதைகளையும் கண்டறிந்து, சரிவு குறைந்த வழியை வரைதல்.
4. ஆற்றைக் கடக்கப் பாலம் உள்ளதா என்று பார்த்தல். நேர்கோட்டில் அருகருகே உள்ள இரண்டு பெட்டிகள் ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கக்கூடும்.
5. நேரத்தைக் கணித்து, இருட்டுவதற்கு முன் திரும்பவேண்டிய கடைசி நேரத்தைக் குறித்தல்.
6. கைபேசித் தொடர்பு இல்லாத இடங்களில் பயன்படும் வகையில் படத்தை முன்பே தரவிறக்குதலும், தாளில் ஒரு படி அச்சிடுதலும்.
7. வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் தெரிவித்தல்.

அனுமதி

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் நிர்வாகத்தின் ஒப்புதலின்றிப் பெட்டிகளை வைக்கமுடியாது. அத்தகைய இடங்களில் பெட்டி எதுவும் இல்லாத எர்த்கேச் என்னும் வகை பயன்படுகின்றது. இதில் தேடுபவர் நிலவியல் சார்ந்த ஓர் இடத்தை அடைந்து, அதனை உற்றுநோக்கிக் கேள்விகளுக்கு விடையளிக்கின்றார்.

வரையறைகள்

இடவிளக்கப்படம் நிலத்தின் முழு உண்மையைக் காட்டுவதன்று. சம உயர இடைவெளி 12 மீட்டராக உள்ள படத்தில், 10 மீட்டர் உயரமுள்ள செங்குத்துப் பாறை எந்தக் கோட்டையும் தொடாமல் மறைந்துவிடலாம். 2000ஆம் ஆண்டில் எண்டவர் விண்ணோடம் திரட்டிய உயரத் தரவு, உலகின் பெரும்பகுதிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் இடைவெளிப் புள்ளிகளாகக் கிடைக்கின்றது. அதனினும் சிறிய ஓடைகளும் பாறைகளும் அதில் தெளிவாகத் தெரிவதில்லை. வெள்ளத்தில் அழிந்த பாலமும், நிலச்சரிவில் மூடிய பாதையும் பழைய படத்தில் தொடர்ந்து இருக்கும். எனவே படம் காட்டும் வழியும் கண்முன் உள்ள நிலமும் வேறுபட்டால், நிலத்தையே நம்பித் திரும்புவது பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்கவும்

சம உயரக்கோடு
அகலாங்கு
நெட்டாங்கு
புவியிடங்காட்டி
நிலப்படவரைவியல்