மாவு கலந்த கழிவுநீரும் சவ்வு வடிகட்டியும்

பாளையங்கோட்டையில் அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுக்கிறவர்கள், அடியில் மாவு படிந்ததும் மேலே நிற்கும் மஞ்சள் நீரை வடித்துக் கொட்டுவார்கள். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளில் இதே வேலை மரவள்ளிக்கிழங்கில், தொட்டி தொட்டியாக நடக்கிறது. அந்தக் கழிவுநீரில் மாவோடு கிழங்கின் சயனைடும் இருக்கும். சுத்திகரிக்காமல் ஓடையில் விடவே கூடாது: நுண்ணுயிர்கள் மாவைத் தின்று பெருகி நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்; மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும்.

இந்தக் கழிவுநீரிலிருந்து மாவைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டி உதவும். அதன் சவ்வின் துளை ஒரு மைக்ரானில் நூறில் ஒரு பங்குதான். அழுத்தித் தள்ளினால் நீர் கடக்கும்; மாவும் புரதமும் நின்றுவிடும். சர்க்கரையும் உப்பும் நழுவிவிடும், அவற்றைப் பிடிக்க ஆர்.ஓ. வேண்டும். சயனைடுக்குத் தனிச் சுத்திகரிப்பு. மாவு அப்பிச் சவ்வு அடைபடுவதுதான் பெரிய தொல்லை. அமைலேஸ் நொதியால் கழுவுவார்கள். நம் எச்சிலில் ஊறுவதும் அந்த வகை நொதிதான்.